இரவல் அதிகாரம்: தமிழ்க் கிறித்தவ இல்லங்களில் பிள்ளை வளர்ப்பும் இறையாணையும்

கிறித்தவ இல்லத்தில் பிள்ளையை வளர்ப்பது பற்றிய நூல்களும் பிரசங்கங்களும் பெரும்பாலும் ஒரே கூற்றிலிருந்து தொடங்குகின்றன. பெற்றோருக்குப் பிள்ளை மீதுள்ள அதிகாரம் இறைவனிடமிருந்து வந்தது, ஆகவே பிள்ளை கீழ்ப்படிய வேண்டும் என்பதே அக்கூற்று. இதன் முற்பாதிக்கும் பிற்பாதிக்கும் திருமறையில் ஆதாரம் உண்டு. இரண்டையும் இணைக்கும் ‘ஆகவே’ என்ற சொல்தான் ஆராயப்பட வேண்டியது. அதிகாரம் இறைவனுடையது என்றால் அது பெற்றோரின் சொந்த உடைமை ஆகாது. ஒப்படைக்கப்பட்ட பொருளை வைத்திருப்பவர் அதற்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவர் ஆவார். எனவே இறையதிகாரம் என்ற கருத்து பிள்ளையைக் கட்டுப்படுத்துவதற்கு முன்பே பெற்றோரைக் கட்டுப்படுத்துகிறது. இந்த வரிசை மறக்கப்பட்ட இடங்களில் என்ன நேர்ந்தது, நினைவில் வைக்கப்பட்ட இடங்களில் என்ன விளைந்தது என்பதைத் தமிழகத்தின் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுக் கிறித்தவ வரலாற்றைக் கொண்டு பார்க்கலாம்.

இந்தக் கேள்வியைக் கீரமங்கலம் போன்ற ஓர் ஊரில் வைத்துப் பார்ப்பது பொருத்தமானது. புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆலங்குடிப் பகுதியில், பூந்தோட்டங்களும் தென்னந்தோப்புகளும் சூழ்ந்த இவ்வூர், 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் தன் தென்னைகளில் பெரும்பகுதியை இழந்து மீண்டெழுந்து வருவது. இம்மாவட்டத்தில் கிறித்தவர்கள் சிறுபான்மையினர். இயேசு சபையாரின் மதுரை மிஷன் காலத்துப் பழைய தலமான ஆவூர், இம்மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ளது. கத்தோலிக்கரோடு, தென்னிந்தியத் திருச்சபையினரும் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையினரும் பெந்தெகொஸ்தே சபையினரும் ஊர்கள்தோறும் சிதறி வாழ்கின்றனர். இத்தகைய ஊரில் வளரும் கிறித்தவப் பிள்ளை, தன் வீட்டு நம்பிக்கையைத் தன் தெருவின் பொது வழக்கமாகக் காண்பதில்லை. பள்ளித் தோழரின் வீட்டில் பொங்கலும் ஆடித் திருவிழாவும், தன் வீட்டில் செபமாலையும் குடும்ப ஜெபமும் என இரண்டு உலகங்களுக்கு நடுவே நடந்து வளர்கிறது. ஆகவே, எல்லாரும் செய்வதால் செய் என்று சொல்ல அந்தப் பெற்றோருக்கு வழியில்லை. ஏன் செய்கிறோம் என்று சொல்லியே தீரவேண்டும். சிறுபான்மையாக இருப்பதன் நல்விளைவுகளில் இதுவும் ஒன்று எனலாம்.

இவ்வூரின் பெயரையே நக்கீரரோடு இணைத்துச் சொல்வது ஊர்வழக்கு. இங்குள்ள மெய்நின்றநாதர் கோயில் வளாகத்தை ஒட்டிச் சிவன் சிலையும் நக்கீரர் சிலையும் நிற்கின்றன. பாட்டில் குற்றம் கண்ட புலவர், பாடியவர் இறைவனே என்று தெரிந்த பின்பும் தம் தீர்ப்பை மாற்றிக்கொள்ளவில்லை என்பது திருவிளையாடல் கதை. அதிகாரம் எவ்வளவு பெரிதாயினும் உண்மைக்கு முன் அது பதில் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் இக்கதையின் உயிர். மறுபக்கம், கொன்றைவேந்தனைத் திண்ணைப் பள்ளியில் மனப்பாடம் செய்த தலைமுறைகள், தாயும் தந்தையுமே குழந்தை முதலில் அறியும் தெய்வம் என்ற பாடத்தோடு எழுத்துக்கு முன்பே அறிமுகமாயின. இவ்விரண்டு எண்ணங்களுக்கும் இடையில்தான் கிறித்தவப் போதனை வந்து அமர்கிறது. பெற்றோரைக் கனம்பண்ணுவது பத்துக் கட்டளைகளில் ஒன்று. ஆனால் அதே பத்தில் முதலாவது, இறைவனைத் தவிர வேறு எவரையும் தெய்வத்தின் இடத்தில் வைக்கலாகாது என்பது. பெற்றோரும் அந்தத் தடைக்குள் அடங்குவர்.

கனம்பண்ணும் கட்டளையைக் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் நான்காவதாக எண்ணுகின்றனர். மற்றச் சீர்திருத்தச் சபையார் ஐந்தாவதாக எண்ணுகின்றனர். எண் எதுவாயினும், இறைவனைப் பற்றிய கட்டளைகள் முடிந்து அயலாரைப் பற்றிய கட்டளைகள் தொடங்கும் வாசற்படியில் அது நிற்கிறது. உபாகமம் ஆறாம் அதிகாரம், வீட்டில் இருக்கும்போதும் வழி நடக்கும்போதும் படுக்கும்போதும் எழும்போதும் இறைவனின் வார்த்தைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும் என்று விதிக்கிறது. ஆனால் அதற்கு முந்திய வாக்கியத்திலேயே அந்த வார்த்தைகள் முதலில் பெற்றோரின் இருதயத்தில் இருக்கவேண்டும் என்கிறது. அதே அதிகாரத்தின் பிற்பகுதி, இந்தக் கட்டளைகள் எதற்கு என்று பிள்ளை பின்னாளில் கேட்கும் என்பதை எதிர்பார்த்து, அதற்குச் சொல்லவேண்டிய விடையாக எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீட்கப்பட்ட வரலாற்றைத் தருகிறது. கேள்வி கேட்பதைக் கீழ்ப்படியாமையாகக் கருதாத இந்தப் பகுதி, குடும்ப ஜெபத்தில் வாசிக்கப்படும் அளவுக்குப் பின்பற்றப்படுவதில்லை.

புதிய ஏற்பாட்டில் எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரமே இப்பொருளில் அதிகம் எடுத்தாளப்படுவது. அது எழுந்த சூழலில், உரோமைச் சட்டம் குடும்பத் தலைவனுக்குப் பிள்ளைகளின் உயிர் மீதும் உரிமை வழங்கியிருந்தது. பிறந்த குழந்தையை ஏற்பதும் வெளியே விட்டுவிடுவதும் அவன் விருப்பமாக இருந்தது. அந்தச் சூழலில் பவுலின் பெயரால் வழங்கும் அந்நிருபம் பிள்ளைகளைப் பார்த்து நேரடியாகப் பேசுகிறது. சபை கூடிய இடத்தில் அவர்களும் அமர்ந்து கேட்டார்கள் என்பதும், சொன்னதை ஏற்கும் அறிவுடைய ஆட்களாக அவர்கள் மதிக்கப்பட்டார்கள் என்பதும் இதனால் விளங்கும். அடுத்து, தந்தையருக்கு விதிக்கப்படும் முதல் கட்டளையே ஒரு தடை: பிள்ளைகளைக் கோபமூட்டக் கூடாது. கொலோசெயர் நிருபம் இதற்குக் காரணமும் சொல்கிறது; பிள்ளைகள் மனந்தளர்ந்துபோவார்கள் என்பது அந்தக் காரணம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு குழந்தையின் மனச்சோர்வைத் தந்தையின் பொறுப்பாக எழுதிவைத்த சட்டம் எளிதில் கடந்துபோகத் தக்கதன்று.

இவ்விடத்தில் தமிழ் வேதாகமத்தின் சொற்களைக் கவனிக்க வேண்டும். பிள்ளைகளை வளர்க்கும் முறையைக் குறிக்க எபேசியர் நிருபத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ‘சிட்சை’, ‘போதனை’ என்ற இரண்டு சொற்களைப் பயன்படுத்துகிறது. சிட்சை என்பது கற்பித்தலைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது. கிரேக்க மூலத்தில் உள்ள ‘பைதேயா’ என்ற சொல்லும் ஒரு சிறுவனை முழு மனிதனாக்கும் கல்வி, பழக்கம், திருத்தம் அனைத்தையும் உள்ளடக்கியது. ஆனால் தமிழ்ப் பேச்சில் சிட்சை நாளடைவில் தண்டனை என்ற ஒரு பொருளுக்குச் சுருங்கிவிட்டதால், தண்டிப்பதே கிறித்தவ வளர்ப்பு என்று ஒரு தலைமுறை வாசித்துக்கொள்ள இடமாயிற்று. இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு நீதிமொழிகளில் உள்ளது. அங்கே ‘பிரம்பு’ என்று பெயர்க்கப்பட்ட எபிரேயச் சொல்லும், மேய்ப்பரைப் பற்றிய இருபத்துமூன்றாம் சங்கீதத்தில் ஆறுதல் தரும் ‘கோல்’ என்று பெயர்க்கப்பட்ட சொல்லும் ஒன்றே. மேய்ப்பன் அதைக் கொண்டு ஆடுகளை எண்ணுவான், வழிதிருப்புவான், ஓநாயை விரட்டுவான். ஒரே சொல் தமிழில் ஓரிடத்தில் கோலாகவும் மற்றோரிடத்தில் பிரம்பாகவும் பிரிந்ததால், இரண்டும் ஒரே கையில் இருந்தவை என்பது தமிழ் வாசகர் கண்ணுக்குத் தெரியாமற்போயிற்று. நீதிமொழிகள் உடலளவிலான தண்டனையை அறியாத நூல் என்று சொல்வது நேர்மையாகாது. அந்தக் காலத்து உலகம் முழுவதும் அதை அறிந்திருந்தது. ஆனால் அடியாத மாடு படியாது என்ற ஊர்ப் பழமொழிக்குத் திருமறையைச் சாட்சியாக அழைப்பதற்கு அந்நூல் இடந்தருவதில்லை.

திருமறையே இருபக்கத் தவறுகளையும் காட்டுகிறது. ஆசாரியனாகிய ஏலி தன் மகன்களின் அக்கிரமத்தை அறிந்தும் அவர்களை அடக்காததற்காக நியாயத்தீர்ப்பு அடைகிறான். ஆகவே கண்டிக்காமல் விடுவது அன்பு என்ற வாதத்துக்கு அங்கே இடமில்லை. அதே ஏலியின் பொறுப்பில் வளரும் சிறுவன் சாமுவேலை இரவில் இறைவன் அழைக்கிறார். அழைப்பு பெரியவரைத் தாண்டி நேரே பிள்ளையிடம் வருகிறது. அதை அடையாளம் கண்டு, எப்படிப் பதில் சொல்லவேண்டும் என்று பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்து, தனக்கு எதிரான செய்தியையே அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து கேட்டு ஏற்றுக்கொண்டதில் ஏலி ஒரு நல்ல ஆசிரியனாக இருந்தான். தன் வீட்டில் தோற்ற தகப்பன், பிறர் வீட்டுப் பிள்ளையிடம் வென்றான் என்ற இந்த முரண், பிள்ளை வளர்ப்பில் பெற்றோர் மட்டும் போதார், சபையும் வேண்டும் என்பதற்கு வலுவான ஆதாரம்.

தமிழகத்தில் இந்தப் போதனை முதலில் பிள்ளைகள் வழியாகவே வீடுகளுக்குள் நுழைந்தது. 1542-இல் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், கைமணியை ஒலித்துச் சிறுவர்களைத் தெருவிலிருந்து திரட்டி, தமிழில் பெயர்க்கப்பட்ட மன்றாட்டுகளை மனப்பாடம் செய்வித்து, அவற்றை வீட்டிலும் அயலிலும் கற்பிக்குமாறு அனுப்பினார். நோயுற்றோர் வீடுகளுக்கும் சிறுவர்களே சென்று செபித்தனர் என்று அவருடைய கடிதங்கள் தெரிவிக்கின்றன. பெற்றோர் பழைய வழிபாட்டுக்குத் திரும்பினால் அவர்களைக் கண்டித்து, அதைத் தம்மிடம் வந்து சொல்லும் சிறுவர்களையும் அவர் மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறார். அவருடைய ஆர்வத்தை அவர் காலத்தில் வைத்தே புரிந்துகொள்ள வேண்டுமாயினும், பெற்றோருக்கு எதிரான சாட்சியாகப் பிள்ளையை நிறுத்தும் முறை கனம்பண்ணும் கட்டளையோடு உரசுகிறது என்பதை மறைக்க முடியாது. அவருக்குப் பின் வந்த அன்றிக் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ தமிழில் அச்சான முதல் நூல்களுள் ஒன்று. வினாவிடையாகவும் செபமாகவும் அமைந்த இத்தகைய சிறுநூல், எழுத்தறியாத வீட்டிலும் ஒருவர் வாசிக்க மற்றவர் திருப்பிச் சொல்ல ஏற்றது.

தரங்கம்பாடியில் 1706 ஜூலை 9-இல் இறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்கு இக்கேள்விக்கு மற்றொரு பரிமாணம் சேர்த்தார். அவருக்குப் பின்புலமாக இருந்தது ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கம். அதன் தலைவர் பிராங்கே, குழந்தையின் சுயசித்தத்தை முதலிலேயே முறித்தால்தான் அது இறைவனின் சித்தத்துக்கு வளைந்துகொடுக்கும் என்று எழுதியவர். அந்தக் கண்டிப்பான பள்ளிமுறையும் லூதரின் சிறிய வினாவிடையும் தரங்கம்பாடிக்கு வந்தன. பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி திறந்தது அந்த மிஷனின் பெருஞ்செயல். அதே சீகன்பால்கு, 1708-இல் கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் நீதிவெண்பாவையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். தமிழ்க் குழந்தைகள் எந்த நீதியில் வளர்ந்திருக்கிறார்கள் என்பதை ஐரோப்பியர் அறியவேண்டும் என்று அவர் கருதியது, முறிக்க வந்த இடத்தில் ஏற்கெனவே வேரூன்றிய ஒழுக்கம் ஒன்று இருப்பதை அவர் கண்டுகொண்டதன் அடையாளம்.

அந்த மரபில் வந்த கிறிஸ்தியான் பிரடெரிக் சுவார்ட்ஸ் (1726–1798) திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சையிலும் வாழ்ந்த காலத்து நிகழ்வு ஒன்று இப்பொருளுக்கு மிக முக்கியமானது. தஞ்சை மன்னர் துளஜா 1787-இல் இறக்குமுன் தத்தெடுத்த இளவரசர் சரபோஜியின் காப்பாளராக இந்தப் போதகர் நின்றார்; இளவரசரின் உயிருக்கும் கல்விக்கும் உரிமைக்கும் போராடினார். ஒரு மன்னராட்சியின் வாரிசு தம் கையில் வளர்ந்தபோதும், அந்தச் செல்வாக்கைக் கொண்டு அவரைக் கிறித்தவராக்க முயலவில்லை. சரபோஜி இறுதிவரை தம் சமயத்திலேயே வாழ்ந்தார். சுவார்ட்ஸின் மரணப்படுக்கையைக் காட்டும் பளிங்குச் சிற்பத்தை ஃபிளாக்ஸ்மன் என்ற சிற்பியைக் கொண்டு செய்வித்துத் தஞ்சைக் கிறித்தவ ஆலயத்தில் நிறுவினார். அதே சுவார்ட்ஸிடம் சிறுவனாக வந்து சேர்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) தமிழ்க் கிறித்தவக் கீர்த்தனை உலகின் பெரும்புலவரானார். ஒருவர் வளர்ப்பில் இருவர். ஒருவர் அந்த நம்பிக்கையில் வேரூன்றினார், மற்றவர் அதற்கு வெளியே நின்று நன்றி காட்டினார். வளர்ப்பின் வெற்றியை மதமாற்றக் கணக்கால் மட்டும் அளக்கும் வழக்கத்துக்கு இது போதுமான மறுப்பு.

எனினும் தஞ்சைச் சபையின் வரலாறு வேதனையான பக்கமும் கொண்டது. பெற்றோர் இறைவனின் பெயரால் எதைக் கையளிக்கின்றனர் என்ற கேள்வி சாதி விஷயத்தில் வெளிப்படையாயிற்று. சபையில் சாதி வேறுபாடு நீடிக்கலாகாது என்று மிஷனரிகள் வற்புறுத்தியபோது, 1829-இல் சாஸ்திரியாரே சாதி ஆசாரத்தை ஆதரித்து நூல் எழுதினார். 1833-இல் பிஷப் டானியேல் வில்சன் சபையில் சாதியை உடனே விட்டொழிக்க ஆணையிட்டபோது பல குடும்பங்கள் விலகிப் போயின. ஒரே பந்தியில் உண்ணவும் ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்கவும் மறுக்கக் கற்றுக்கொடுத்த வீடுகள் குடும்ப ஜெபத்தில் குறை வைத்த வீடுகள் அல்ல. அங்கே பிள்ளைகள் ஒழுங்காகக் கீழ்ப்படிந்தனர். தவறான ஒன்றுக்குக் கீழ்ப்படிந்தனர். பெற்றோரின் அதிகாரம் இறைவனிடமிருந்து வந்தது என்று சொல்லும் நாவே இறைவன் தடுத்ததைப் பிள்ளைக்கு ஊட்டினால், அந்த அதிகாரம் தன் மூலத்திலிருந்து அறுந்துவிடுகிறது. தனிக் கல்லறைகளும் தனித்தெருத் திருவிழாக்களும் இன்னும் நீடிக்கும் சபைகளில் இது பழங்கதை அன்று.

கண்டிப்புக்கு மாற்றான முறை ஒன்று இதே வட்டாரத்தில் வேர்விட்டது. 1906 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்த முதல் சலேசிய சபைக் குருக்கள் தஞ்சாவூரில்தான் தங்கள் பணியைத் தொடங்கினர். ஆதரவற்ற சிறுவர் இல்லம் ஒன்றை ஏற்று நடத்தினர். அவர்களுடைய நிறுவனர் தொன் போஸ்கோ 1877-இல் எழுதிவைத்த முறை, தவறு நடந்தபின் தண்டிப்பதை விட, பிள்ளைகளோடு உடனிருந்து தவறு நேராமல் காப்பதே கல்வி என்று கூறுவது. அறிவு, சமயம், அன்பு என்ற மூன்றையும் அது அடித்தளமாகக் கொண்டது. தெற்கே தோனாவூரில் 1901 முதல் ஏமி கார்மைக்கேல் அமைத்த இல்லம் இன்னொரு முன்மாதிரி. கோயில்களுக்கு ஒப்படைக்கப்படவிருந்த பெண்குழந்தைகளுக்கு அடைக்கலம் தந்த அந்த இல்லத்தில், அவரைப் பிள்ளைகள் ‘அம்மா’ என்றனர். உடன் பணிசெய்த பெண்கள் ‘அக்காள்’, ‘சித்தி’ என்றும் ஆண்கள் ‘அண்ணாச்சி’ என்றும் அழைக்கப்பட்டனர். விடுதிக்கு உரிய ஒழுங்கு அங்கே கண்டிப்பாகவே இருந்தது. ஆனால் அதைச் செலுத்தியவர்கள் உறவுப்பெயர் சூடியவர்கள். பெற்றோரை இழந்த பிள்ளைக்கு அதிகாரத்தை விட முதலில் உறவு வேண்டும் என்பதை இந்தச் சொற்களே உணர்த்துகின்றன.

இறையியல் அளவில் சபைகளுக்குள் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. கத்தோலிக்கரும் தென்னிந்தியத் திருச்சபையாரும் லுத்தரன் சபையாரும் குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுக்கின்றனர். குழந்தை பேசத் தெரியுமுன்பே சபையின் அங்கமாகிறது, ஞானத்தாயும் ஞானத்தகப்பனும் அதன் சார்பில் வாக்களிக்கின்றனர். பெந்தெகொஸ்தே, பாப்திஸ்து சபையார் குழந்தையை ஆலயத்தில் பிரதிஷ்டை செய்து, அதாவது இறைவனிடம் ஒப்படைத்து ஜெபித்து, ஞானஸ்நானத்தை அறிவறிந்து கேட்கும் வயதுக்கு விட்டுவிடுகின்றனர். முதல் முறையில் பிள்ளை சபைக் குடும்பத்தவராகவே வளர்கிறது. ஆனால் எல்லாம் ஏற்கெனவே முடிந்துவிட்டது என்ற அசட்டை பெற்றோருக்கு வரக்கூடும். இரண்டாவதில் தனிமனித முடிவுக்கு மதிப்பு உண்டு. ஆனால் மனந்திரும்பிய அனுபவத்தை எட்டு வயதுப் பிள்ளையிடம் அவசரமாக எதிர்பார்க்கும் நெருக்குதல் வரக்கூடும். அமெரிக்கப் போதகர் ஹொரேஸ் புஷ்னெல் 1847-இல் எழுதிய நூலில், கிறித்தவ இல்லத்துப் பிள்ளை தன்னை வேறொன்றாக ஒருநாளும் அறியாமலே கிறித்தவராக வளரவேண்டும் என்று வாதிட்டது இந்த நெருக்குதலுக்கு எதிர்வினையே. கீரமங்கலம் போன்ற ஊரில் இவ்விரண்டு முறைகளும் அடுத்தடுத்த வீடுகளில், சில வேளை ஒரே குடும்பத்தின் இரு கிளைகளில் காணக்கூடியவை.

கத்தோலிக்கத் திருச்சபையின் அண்மைக்கால ஏடுகள் பெற்றோரின் கடமையை உயர்த்திப் பேசுகின்றன. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட கல்வி பற்றிய அறிக்கை பெற்றோரே பிள்ளையின் முதன்மைக் கல்வியாளர் என்று கூறியது; பிரான்சிஸ் திருத்தந்தை 2016-இல் எழுதிய குடும்ப மடல், பிள்ளையின் ஒவ்வோர் அசைவையும் கண்காணிக்கத் துடிப்பது கல்வியாகாது என்று எச்சரித்தது. நடைமுறையில் மறைக்கல்வி வகுப்பு ஞாயிறு பூசைக்குப் பின் ஒரு மணி நேரமாகச் சுருங்கி, புதுநன்மை ஒரு வெள்ளை உடை விழாவாக முடிந்துவிடும் ஆபத்து உண்டு. பக்கத்து வீடுகள் கூடி வேதம் வாசித்துச் செபிக்கும் அன்பியக் கூட்டங்களில் பிள்ளைகளும் அமர்ந்து, பெரியவர்கள் தங்கள் கஷ்டங்களைச் சொல்லி மன்றாடுவதைக் கேட்பது, வகுப்பறை தரமுடியாத பாடத்தைத் தருகிறது.

நாட்டின் சட்டமும் இதில் தலையிட்டே ஆகவேண்டிய இடங்கள் உண்டு. அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் பள்ளியில் மாணவர் எவரையும், அவர் சிறுவராயின் காப்பாளர் இசைவின்றி, சமயப் போதனையில் பங்கேற்கச் செய்யலாகாது என்று அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு கூறுகிறது. தன் வீட்டில் நம்பிக்கையைச் சுதந்திரமாகக் கையளிக்க விரும்பும் கிறித்தவப் பெற்றோர், பிறர் வீட்டுப் பிள்ளைக்கும் அதே உரிமையை மதிக்கவேண்டியவர். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பள்ளியில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்தது. இந்தியா 1992-இல் ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கை, சமயத்தில் பிள்ளையை வழிநடத்தும் பெற்றோரின் உரிமையை ஒப்புக்கொள்ளும்போதே, பிள்ளையின் வளரும் திறனுக்கு ஏற்ப அது அமையவேண்டும் என்கிறது. இறையதிகாரத்துக்கு இவை போட்டி என்று சில மேடைகளில் பேசப்படுவது வருந்தத்தக்கது. சிறியவருக்கு இடறல் உண்டாக்குவோரைப் பற்றி இயேசு சொன்ன கடுஞ்சொல்லுக்கு முன் எந்தச் சட்டப்பிரிவும் மென்மையானதே. 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம், குழந்தை மீதான பாலியல் குற்றத்தை அறிந்தவர் எவரும் புகார் செய்தே தீரவேண்டும் என்று விதிக்கிறது. பெரியவர் சொன்னால் மறுக்காதே, சாமியார் சொன்னால் கேள்வி கேட்காதே, பாஸ்டர் வீட்டு விஷயத்தை வெளியே சொல்லாதே என்று மட்டும் பழக்கப்பட்ட பிள்ளை ஆபத்தில் வாய் திறவாது. ‘மாட்டேன்’ என்று சொல்லவும் பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பது கிறித்தவ வளர்ப்பின் தவிர்க்க முடியாத பகுதி. மனிதருக்கு அல்ல, இறைவனுக்கே முதலில் கீழ்ப்படிய வேண்டும் என்ற அப்போஸ்தலரின் நிலைப்பாடு பெரியவர்களுக்கு மட்டும் உரியதன்று.

அன்றாட நிலையில் இந்தப் பொறுப்பு யார் தோளில் விழுகிறது என்பதையும் காணவேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து வெளிநாட்டு வேலைக்குச் சென்றோர் பலர். தந்தை சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்க, தாயும் பாட்டியும் வளர்க்கும் பிள்ளைகள் எத்தனையோ வீடுகளில் உள்ளனர். தந்தையே குடும்பத்தின் ஆசாரியன் என்று மேடையில் சொல்லப்படும் போதனை அந்த வீட்டுக்குள் நுழைந்தால், இருக்கும் தாயின் அதிகாரத்தைக் குறைத்து, இல்லாத தந்தையின் நிழலை வைத்து அச்சுறுத்தும் முறையாக மாறக்கூடும். தீமோத்தேயுவின் நம்பிக்கை முதலில் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்தது என்று அவனுக்கு எழுதிய இரண்டாம் நிருபம் பெயர் சொல்லிக் கூறுகிறது. கிரேக்கனாகிய அவன் தந்தையைப் பற்றி அங்கே பேச்சில்லை. மாயூரம் வேதநாயகம் பிள்ளை போன்ற கத்தோலிக்க எழுத்தாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பெண்கல்விக்காக ‘பெண்மதி மாலை’ எழுதினார். அந்த வாதம், செபமாலையை உருட்டிக்கொண்டு பேரப்பிள்ளைக்கு வேதக்கதை சொல்லும் பாட்டியை ஆசிரியராக மதிக்கும்போதுதான் நிறைவேறும்.

தென்னிந்தியத் திருச்சபையிலும் லுத்தரன் சபையிலும் திடப்படுத்தல் ஆராதனை நடக்கும் நாளில், கத்தோலிக்க ஆலயத்தில் உறுதிபூசுதல் நடக்கும் நாளில், பதின்வயதுப் பிள்ளைகள் பீடத்தின் முன் வரிசையாக நிற்கின்றனர். குழந்தையாக இருந்தபோது பெற்றோரும் ஞானப்பெற்றோரும் தங்கள் சார்பில் சொன்ன வாக்குறுதிகளை அவர்கள் இப்போது தங்கள் வாயால் சொல்லவேண்டும். ஆயர் கேட்கும் கேள்வி பிள்ளையை நோக்கியே கேட்கப்படுகிறது. அதற்கு விடை சொல்ல அந்த ஆலயத்தில் வேறு எவருக்கும் உரிமையில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஊட்டியும் உடுத்தியும் கண்டித்தும் ஜெபித்தும் வளர்த்த தாயும் தந்தையும் அப்போது பின்வரிசையில் அமர்ந்து, பிள்ளை என்ன சொல்லப்போகிறது என்று காத்திருக்கின்றனர்.